டீசல் பிக்கப் வண்டியில் ஒழுகும் நீர்ப்பம்பியை மாற்றுதல்

கமத்தொழிலில் விளைவித்தலைப் போன்றே விளைபொருளைப் பழுதின்றிச் சந்தைக்குச் சேர்த்தலும் முக்கியமான கருமமாகும். வலிகாமத்துச் செம்மண்ணில் விளையும் சின்ன வெங்காயமும், நீர்வேலிப் பகுதியின் வாழைக்குலைகளும், வன்னித் தோட்டங்களின் மரக்கறிகளும் இன்று பெரும்பாலும் டீசல் பிக்கப் வண்டிகளிலும் சிறு லொறிகளிலுமே ஏற்றிச் செல்லப்படுகின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து தம்புள்ளைச் சந்தை ஏ-9 வீதிவழியே ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தூரத்திலுள்ளது. நடுவழியில் எஞ்சின் கொதித்து வண்டி நின்றுவிடின், சாக்கிலுள்ள வெங்காயம் ஒரு நாட் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும். கறிமிளகாயும் கீரையும் பொறுக்கமாட்டா. சரக்கின் நட்டத்தோடு எஞ்சினின் நட்டமும் சேருமாயின், ஒரு போகத்தின் ஊதியம் முழுவதும் கறாஜ் வாசலிலேயே முடிந்துவிடக்கூடும்.

எஞ்சின் கொதிப்பதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் நீர்ப்பம்பியின் ஒழுக்கு பெரும்பாலும் முன்கூட்டியே அறிவித்துவிட்டு வருவதாகும். அவ்வறிவிப்பை இனங்காணும் வகையையும், பம்பியை மாற்றும் முறையையும் இத்துண்டுப் பிரசுரம் எடுத்துரைக்கின்றது. எஞ்சினின் முகப்பில் வெளிப்புறமாக அமைந்து, விசிறிப் பெல்ற்றினாற் சுழற்றப்படும் பம்பிக்கே இங்கு கூறப்படும் முறை பொருந்தும். சில டீசல் எஞ்சின்களில் நீர்ப்பம்பி ரைமிங் பெல்ற்றினால் இயக்கப்படுகின்றது, அல்லது அதன் மூடிக்குப் பின்னால் மறைந்திருக்கின்றது. ரைமிங் பெல்ற்றை ஒரு பல் தவறிப் பூட்டினாலும் எஞ்சின் முறையாக இயங்காது. பற்கள் பல தவறின் பிஸ்ரனும் வால்வும் ஒன்றோடொன்று மோதுதல் கூடும். ஆகையால் அத்தகைய வண்டியை வைத்திருப்போர் அவ்வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைத்தலே தக்கது. ரைமிங் பெல்ற் மாற்றும் வேளையில் நீர்ப்பம்பியையும் சேர்த்து மாற்றுவித்தால் இரட்டைக் கூலி மிஞ்சும்.

பம்பியின் அமைப்பு

டீசல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தின் ஒரு பகுதியே சில்லுகளைச் சுழற்றுகின்றது. ஏறத்தாழ நான்கிலொன்று முதல் மூன்றிலொன்று வரையான வெப்பம் எஞ்சினைச் சூழ்ந்தோடும் நீரினால் அகற்றப்படல் வேண்டும். றேடியேற்றரின் அடியிலுள்ள குளிர்ந்த நீரை இழுத்து, சிலிண்டர்களைச் சுற்றியும் சிலிண்டர் தலையினூடாகவும் செலுத்தி, மீண்டும் றேடியேற்றரின் மேற்பகுதிக்கு அனுப்புவது நீர்ப்பம்பியின் வேலையாகும்.

பம்பியினுள்ளே ஒரு தண்டு உண்டு. அதன் முன்முனையிற் கப்பியும் விசிறியும், பின்முனையில் நீரைத் தள்ளும் இறகுச் சில்லும் பூட்டப்பட்டிருக்கும். தண்டைத் தாங்குவது ஒரு பெயாரிங். பெயாரிங்கினுள் நீர் புகாதவாறு தடுப்பது ஒரு சீல். இந்தச் சீல் வெறும் இறப்பர் வளையமன்று. சுழலும் வளையம் ஒன்றும் சுழலாத வளையம் ஒன்றும் முகத்தோடு முகம் அழுந்தி நிற்க, அவற்றினிடையே மயிரிழையினும் மெல்லிய நீர்ப்படலம் நின்று தேய்வைத் தடுக்கின்றது. ஆகவே நீரின்றி எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டாலும் சீல் கருகிப் பழுதடையும்.

சீலுக்கும் பெயாரிங்குக்கும் இடையே பம்பியின் உடலில் ஒரு சிறு துளை விடப்பட்டிருக்கும். சீல் தேய்ந்தவிடத்து ஒழுகும் நீர் பெயாரிங்கை அடையாது இத்துளை வழியே வெளியேறும். இது செய்தவரின் கவலையீனத்தால் நேர்ந்த ஓட்டையன்று, வேண்டுமென்றே வைக்கப்பட்டது. இத்துளையை மெழுகினாலும் பசையினாலும் அடைத்து ஒழுக்கை நிறுத்திவிட்டதாக மகிழ்வோர் உளர். அவ்வாறு அடைத்தவிடத்து நீர் பெயாரிங்கினுட் புகுந்து கிறீசைக் கழுவிவிடும். பின்னர் பெயாரிங் உடைந்து தண்டு ஆட, சுழலும் விசிறி றேடியேற்றரைக் கிழித்துவிடும். ஒரு பம்பியின் விலையோடு ஒரு றேடியேற்றரின் விலையும் அப்போது சேரும்.

ஒழுக்கை அறிதல்

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வண்டியை நிறுத்தித் தேங்காயுடைத்துச் செல்லுதல் ஏ-9 வீதியிற் செல்வோரின் நீண்டநாள் வழக்கம். அவ்வாறு நிறுத்திய வண்டியைப் பத்து நிமிடம் கழித்துச் சற்று நகர்த்தி, அது நின்ற நிலத்தைப் பார்த்தல் நல்ல பழக்கமாகும். ஓடிய வண்டி நின்றபின் எஞ்சினிலுள்ள நீரின் வெப்பமும் அமுக்கமும் சிறிது நேரம் உயர்ந்தே இருப்பதால், ஓடும்போது காற்றிற் காய்ந்து மறையும் ஒழுக்கு அப்போது வெளிப்படும். குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீர் நிறமும் மணமுமற்றது. பம்பியிலிருந்து சொட்டுவது கூலன்ற்றின் நிறமும் சற்றே இனித்த மணமும் உடையது.

ஒழுக்கு சிறிதாயின் நிலத்திற் சொட்டாது. பம்பியின் துளையிலிருந்து கீழ்நோக்கி வெள்ளையாகவோ, பச்சையாகவோ, சிவப்பாகவோ, துருவின் நிறமாகவோ காய்ந்த தடம் ஒன்று தெரியும். கைவிளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு துளையைப் பார்த்தல் வேண்டும். புதிதாகப் பூட்டிய பம்பியில் முதற் சில நாட்கள் துளையருகே மிகச் சிறு ஈரம் காணப்படின் அஞ்சவேண்டியதில்லை, வளையங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்வரை அது நேர்வதுண்டு. துளி துளியாகச் சொட்டுவதும், நாளுக்கு நாள் தடம் வளர்வதும் பம்பி முடிவை நெருங்கிவிட்டதன் அறிகுறியாகும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கையில் விசிறியின் எதிரெதிர் இறகுகளை இரு கைகளாலும் பற்றி முன்னும் பின்னுமாக அசைத்துப் பார்த்தல் வேண்டும். பம்பித் தண்டில் ஆட்டம் தெரியின் பெயாரிங் தேய்ந்துவிட்டது. பெல்ற்றைக் கழற்றிக் கப்பியைக் கையாற் சுழற்றும்போது மணல் அரைபடுவது போன்ற கரகரப்புத் தோன்றினும் அதுவே பொருள். தண்டு ஆடும் வண்டியைச் சரக்கேற்றி நெடுந்தூரம் கொண்டுசெல்லுதல் ஒருபோதும் தகாது.

பம்பியைக் குற்றஞ்சாட்டுமுன் ஏனைய இடங்களையும் பார்த்தல் முறை. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், அவற்றின் கிளிப்புகள், றேடியேற்றரின் ஓரங்கள், தேர்மோஸ்ரற் மூடி ஆகியவற்றில் ஒழுகும் நீரை விசிறிக் காற்று பின்னோக்கி அடித்துவிடுவதால், ஈரம் காணப்படும் இடமே ஒழுகும் இடமென முடிவு செய்துவிடலாகாது. எஞ்சின் முகப்பைக் கழுவித் துடைத்து உலரவிட்டு, அரை மணி நேரம் ஓட்டியபின் மீண்டும் பார்த்தால் ஒழுக்கின் மூலம் தெரியும். எங்கும் ஒழுக்கின்றி நீர் குறைந்துகொண்டே வருமாயின், அல்லது றேடியேற்றர் நீரிற் குமிழிகள் இடையறாது எழுமாயின், சிலிண்டர் தலையின் கஸ்கெற் பழுதாகியிருக்கலாம். அதற்கு மருந்து வேறு.

நீர் ஊற்றிக்கொண்டே ஓட்டுதல்

இரு சக்கர உழவு இயந்திரத்தை, அதாவது லான்ட்மாஸ்ரர் என வழங்கப்படுவதைப் பயன்படுத்திய கமக்காரர் பலர். நீர்த்தொட்டியுடைய அவ்வகைச் சிறு எஞ்சின்களில் நீர்ப்பம்பியே இல்லை. தொட்டி நீர் கொதித்து ஆவியாகும்போது எஞ்சினின் வெப்பத்தையும் கொண்டு செல்கின்றது. நாடோறும் நீர் ஊற்றுதல் அங்கு ஒழுங்கான பராமரிப்பாகும். அதே பழக்கத்தைப் பிக்கப் வண்டிக்கும் கொண்டுவந்து, காலையில் ஒரு போத்தல், மாலையில் ஒரு போத்தல் என ஊற்றித் திருப்தியடைதல் பெருந்தவறு. பிக்கப்பின் நீர்ச் சுற்று மூடிய சுற்றாகும். பழுதற்ற வண்டியில் மாதக்கணக்கிலும் நீர்மட்டம் குறிப்பிடத்தக்க அளவு குறைவதில்லை. குறையுமாயின் எங்கோ பழுதுண்டு என்பது உறுதி.

பல டீசல் எஞ்சின்களில் சிலிண்டர்களைக் கொண்ட கீழ்ப்பகுதி வார்ப்பிரும்பினாலும், சிலிண்டர் தலை அலுமினியக் கலப்புலோகத்தாலும் ஆனவை. ஒரே அளவு வெப்பத்துக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். நீர் குறைந்து எஞ்சின் அளவுமீறிச் சூடேறும்போது தலை நெளிகின்றது, சில வேளைகளில் வெடிக்கின்றது. நெளிந்த தலையைக் கடைந்து சமன் செய்வதற்கும் ஓர் எல்லை உண்டு, வெடித்த தலைக்கோ புதுத் தலையே வேண்டும். வெப்பமானியும் இவ்விடத்தில் முழு நம்பிக்கைக்குரியதன்று. அதன் உணரி நீரில் மூழ்கியிராது வெற்றிடத்தில் நிற்குமாயின், எஞ்சின் கருகும்போதும் முள் நடுவிலேயே நிற்கக்கூடும்.

மஞ்சட்டூள், மிளகுத்தூள், கடையில் விற்கும் ஒழுக்கடைக்கும் மருந்து ஆகியவற்றை றேடியேற்றரில் இடுவோரும் உளர். றேடியேற்றரில் ஊசித்துளை விழுந்தால் இவை சிறிது நேரத்துக்கு உதவலாம். சுழலும் சீலில் இவை நில்லா. அடைக்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டு, அடைபடக்கூடாத றேடியேற்றர்க் குழல்களை அடைத்துவிடும்.

புதுப் பம்பியைத் தெரிதல்

வண்டியின் மாதிரி எண், எஞ்சின் எண் இரண்டையும் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுதல் வேண்டும். ஒரே பெயருடைய வண்டியில் ஆண்டுக்கு ஆண்டு எஞ்சின் மாறியிருக்கும். புதுப் பம்பியைப் பழையதன் அருகே வைத்து, போல்ற்றுத் துளைகளின் இடங்கள், பொருந்தும் முகத்திலிருந்து கப்பி பூட்டும் தட்டுவரையுள்ள உயரம், இறகுச் சில்லின் விட்டம், இறகுகள் வளைந்துள்ள திசை ஆகிய யாவும் ஒத்திருக்கின்றனவா என நோக்கல் வேண்டும். உயரம் சில மில்லிமீற்றர் வேறுபட்டாலும் பெல்ற் நேர்கோட்டில் ஓடாது. ஆதலின் இயலுமாயின் பழைய பம்பியைக் கழற்றியபின் கையிற் கொண்டுசென்றே புதியதை வாங்குதல் நன்று.

கழற்றிய பழைய பம்பியை மலிவாக வாங்கிப் பூட்டுவதால் இலாபமில்லை, ஏனெனில் அதன் சீல் எத்தனை ஆண்டு காய்ந்து கிடந்ததென்பதை எவரும் அறியார். பெயாரிங்கும் சீலும் மட்டும் மாற்றிப் பழைய உடலையே பயன்படுத்தும் வழக்கமும் உண்டு. அழுத்தும் கருவி உள்ள கறாஜில், உடல் அரிப்புண்ணாது இருக்குமாயின், அது குற்றமன்று. சுத்தியலால் அடித்து ஏற்றப்பட்ட பெயாரிங்கும் சீலும் நெடுநாள் நில்லா. பம்பியோடு புதிய கஸ்கெற் அல்லது இறப்பர் வளையம், வெடிப்புற்றிருப்பின் பெல்ற், ஊதியோ மென்மையாகியோ இருப்பின் ஹோஸ் ஆகியனவும் வாங்கப்படல் வேண்டும்.

ஆயத்தம்

முதன்முறை செய்பவர் அரை நாளை இவ்வேலைக்கு ஒதுக்குதல் வேண்டும். நாளை அதிகாலை சந்தைக்குப் போகவேண்டிய வண்டியை இன்று மாலையிற் கழற்றத் தொடங்குதல் கூடாது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைத்தடை போட்டு, சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, பற்றறியின் மறைமுனைக் கம்பியைக் கழற்றிவிடல் வேண்டும். சாரம் உடுத்தும் தோளிற் சால்வை இட்டும் எஞ்சின் அருகே வேலை செய்யலாகாது. பின்னர் எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கும் வேளையில் தொங்கும் துணி பெல்ற்றில் அகப்படின் கையும் கூடவே இழுபடும்.

எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருத்தல் கட்டாயம். றேடியேற்றர் மூடி நீரை அமுக்கத்தில் வைத்திருப்பதால், திறந்த பாத்திரத்தில் 100 பாகை செல்சியசிற் கொதிக்கும் நீர், மூடிய றேடியேற்றரில் 115 பாகைக்கு மேலும் கொதியாதிருக்கும். அந்நிலையில் மூடியைத் திறந்தால் நீர் கணப்பொழுதில் ஆவியாகி முகத்திலும் மார்பிலும் பாயும். மேல் ஹோஸைக் கையாற் பற்றக்கூடியதாகவும், நசுக்கினால் மெத்தென்றும் இருந்தாலன்றி மூடியிற் கைவைத்தலாகாது.

கழற்றும் முறை

அகன்ற பாத்திரமொன்றை றேடியேற்றரின் கீழ் வைத்து, வடிகுழாயைத் திறந்து, பின்னர் மூடியையும் அகற்றினால் நீர் விரைவாக வடியும். வடிந்த நீரின் அளவை லீற்றர்க் கணக்கிற் குறித்துக்கொள்ளல் வேண்டும். அக்கணக்கு பின்னர் பெரிதும் உதவும்.

விசிறியைக் கப்பியோடு பிணைக்கும் நட்டுகளை, பெல்ற் இறுக்கமாக இருக்கும்போதே முதலிற் சிறிது தளர்த்தல் வேண்டும். பெல்ற்றைக் கழற்றியபின் நட்டைத் திருப்ப முயன்றால் கப்பியும் சேர்ந்து சுழன்று வேலையைக் கெடுக்கும். அதன்பின் டைனமோவின் போல்ற்றைத் தளர்த்திப் பெல்ற்றை எடுத்து, விசிறிக் கூட்டைக் கழற்றி, விசிறியை வெளியே எடுத்தல் வேண்டும். அதற்கு முன்னர் றேடியேற்றரின் உட்புறத்தில் தடித்த மட்டை ஒன்றைச் செருகி வைத்தால், கைதவறும் ஸ்பனர் மெல்லிய தகடுகளைச் சிதைக்கமாட்டாது. விசிறியின் நடுவில் எண்ணெய் நிரம்பிய இணைப்பு இருக்குமாயின், வண்டியில் நின்றவாறே நிமிர்த்தி வைத்தல் வேண்டும். படுக்க வைத்தால் எண்ணெய் கசிந்து, பின்னர் விசிறி வேகமாகச் சுழலாது.

கப்பியும் கீழ் ஹோஸும் கழற்றப்பட்டபின் பம்பியின் போல்ற்றுகள் தெரியும். அவை யாவும் ஒரே நீளமுடையன அல்ல. நீளமான போல்ற்றைக் குறுகிய துளையில் முறுக்கினால் துளையின் அடி உடையும். குறுகியதை நீளத் துளையிற் பூட்டினால் இரண்டு மூன்று மரையே பிடித்துக் கழன்றுவிடும். ஆகையால் மட்டையொன்றில் பம்பியின் உருவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ற்றையும் கழற்றியவுடன் அதனதன் இடத்திற் குத்தி வைத்தல் வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக்குகளும் இதைச் செய்கின்றனர்.

துருவேறி அசையாத போல்ற்றே இவ்வேலையில் மனிதரின் பொறுமையைச் சோதிப்பது. முதல் நாள் இரவே துருநீக்கும் எண்ணெயை விட்டு வைத்தல் நன்று. அசையாவிடின் தலையில் மெல்லத் தட்டி, சிறிது இறுக்கி, சிறிது தளர்த்தி, மீண்டும் எண்ணெய் விட்டுப் படிப்படியாக எடுத்தல் வேண்டும். நீண்ட குழாயை ஸ்பனரிற் செருகி வலிந்து திருப்பினால் போல்ற் உள்ளே முறியும். முறிந்ததைத் துளைத்தெடுக்கப் பட்டறைக்கே செல்லவேண்டும்.

போல்ற்றுகள் யாவும் நீங்கியபின்னும் பம்பி பழைய கஸ்கெற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். மரச்சுத்தியலால் பக்கங்களில் தட்டினால் விடும். இரு முகங்களினிடையே திருப்புளியைச் செருகி நெம்புதல் ஆகாது, அதனால் விழும் கீறல் வழியே புதுப் பம்பியும் ஒழுகும்.

பொருந்தும் முகத்தைத் துப்புரவு செய்தல்

புதுப் பம்பி பூட்டிய மறுநாளே மீண்டும் ஒழுகுகின்றதெனக் கடைக்காரரோடு வழக்காடுவோர் உளர். அவ்வாறான வேளைகளில் முதலில் ஐயுறவேண்டியது பம்பியையன்று, எஞ்சினின் பொருந்தும் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய கஸ்கெற்றின் துண்டையாகும். அரை மணி நேரம் இவ்விடத்திற் செலவிடுதல் வீணன்று.

நீர்வழியினுள் சுத்தமான துணியை அடைத்து, சுரண்டிய தூள் உள்ளே விழாதவாறு காத்து, மொட்டையான சுரண்டியால் தட்டையாகச் சுரண்டல் வேண்டும். முகம் அலுமினியமாயின் மூங்கிற் சிம்பு அல்லது கடினமான பிளாஸ்ரிக் துண்டே போதும். கூரிய உளியும் முரட்டு எமரிக் கடதாசியும் பள்ளம் விழுத்தும். பின்னர் விரல் நுனியால் தடவியும், உருக்கு அடிமட்டத்தை நிறுத்தி ஒளி புகுகின்றதா எனப் பார்த்தும் முகம் சமனென உறுதி செய்தல் வேண்டும். போல்ற்றுகளின் மரையைக் கம்பித் தூரிகையாற் தேய்த்து, துளைகளிலுள்ள நீரையும் அழுக்கையும் துடைத்தெடுத்தல் வேண்டும். துணியை எடுக்க மறத்தலாகாது.

பூட்டும் முறை

கஸ்கெற்றை வண்டி நூல் கூறியவாறு உலர்வாகவோ, மிக மெல்லிய பசைப் பூச்சுடனோ வைத்தல் வேண்டும். பசை மிகுந்தால் ஒழுக்கு மிகத் தடைப்படுமென எண்ணுதல் தவறு. மிகுந்த பசை உட்புறம் பிதுங்கி, துண்டுகளாக உதிர்ந்து, றேடியேற்றரின் மெல்லிய குழல்களை அடைக்கும். கஸ்கெற்றுக்குப் பதிலாக இறப்பர் வளையம் உள்ள பம்பியாயின், வளையத்திற் கூலன்ற்றைத் தடவி, முறுகாது பள்ளத்தில் இருத்தல் வேண்டும். நீர்வழியினுட் சென்று முடியும் போல்ற்றுகள் உளவாயின் அவற்றின் மரைக்கு மட்டும் பசை பூசப்படல் வேண்டும்.

போல்ற்றுகளை யாவும் முதலிற் கையாலேயே முறுக்கி, பின்னர் எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் சிறிது சிறிதாக இறுக்கல் வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் செல்லின் பம்பி சரிந்து கஸ்கெற் நசியும். இறுக்கவிசை காட்டும் ஸ்பனர் கிடைக்குமாயின் வண்டி நூலிலுள்ள அளவையே பின்பற்றல் வேண்டும். பொதுவாக 6 மில்லிமீற்றர் மரையுள்ள போல்ற் ஏறத்தாழ 10 நியூற்றன் மீற்றரையும், 8 மில்லிமீற்றர் போல்ற் ஏறத்தாழ 20 நியூற்றன் மீற்றரையுமே தாங்கவல்லது. இது வலுவான கையொன்று குட்டை ஸ்பனராற் தயக்கமின்றித் தரும் விசையிலும் குறைவு. சில்லு நட்டை இறுக்கிப் பழகிய கை இங்கே அடங்கவேண்டும்.

கப்பி, விசிறி, கூடு, ஹோஸ் ஆகியவற்றை ஒழுங்குமுறையிற் பூட்டியபின் பெல்ற்றை இறுக்கல் வேண்டும். கப்பிகளினிடையே பெல்ற் மிக நீளமாக ஓடும் இடத்தின் நடுவில் பெருவிரலால் வலுவாக அழுத்தினால், பல வண்டிகளில் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் தாழ்தல் சரியான அளவாகும். பெல்ற் தளர்ந்தால் வழுக்கிக் கீச்சிடும். அதற்கு அஞ்சி வீணைத் தந்திபோல் இறுக்குவோர் புதுப் பெயாரிங்கைச் சில மாதங்களிலேயே தேய்த்துவிடுகின்றனர். புதுப் பெல்ற் சற்று நீளும் இயல்புடையதாதலால் ஒரு வாரத்தின் பின் மீண்டும் பார்த்தல் வேண்டும்.

எவ்வகை நீர்?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லினூடே ஊறி வருவது. கேத்திலின் அடியிற் படியும் வெள்ளைப் படிவை அறியாதார் இலர். அதே படிவு எஞ்சினின் நீர்வழிகளிலும் றேடியேற்றர்க் குழல்களிலும் படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். அதன் துகள்கள் சீலின் வளையங்களினிடையே புகுந்து அராவும். கரையோரக் கிணறுகளின் உவர்நீர் இதனினும் தீயது, அது அலுமினியத்தையும் இரும்பையும் அரித்துவிடும். கிணற்று நீரையே ஊற்றிப் பழகிய வண்டியில் புதுப் பம்பியும் பழையதன் வழியே செல்லும். ஆகையால் வடித்தெடுத்த நீரையும் கூலன்ற்றையும் பாதிக்குப் பாதி கலந்தோ, ஏற்கெனவே கலந்து விற்கப்படும் கூலன்ற்றையோ பயன்படுத்தல் வேண்டும். கலந்து விற்கப்படுவதில் மீண்டும் நீர் சேர்த்தலாகாது.

உறைபனி இல்லாத நாட்டில் கூலன்ற் எதற்கு என வினவுவோர் உண்டு. உறைவதைத் தடுத்தல் அதன் தொழில்களுள் ஒன்று மாத்திரமே. துருவைத் தடுப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் இந்நாட்டு வண்டிகளுக்கு வேண்டியவை. கூலன்ற்றின் நிறத்தைக் கண்டு அதன் வகையைத் தீர்மானித்தல் நம்பத்தக்கதன்று. வகை தெரியாத பழையதோடு புதியதைக் கலவாது, நீர்வழியை முழுதும் கழுவிப் புதிதாக நிரப்புதலே நன்று.

வெப்ப நாட்டுக்கு வேண்டாமெனத் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறியும் வழக்கமும் இத்தறுவாயிற் கண்டிக்கத்தக்கது. அஃதின்றேல் எஞ்சின் உரிய சூட்டை அடையத் தாமதித்து, டீசலும் தேய்வும் மிகும். சில எஞ்சின்களில் நீர் றேடியேற்றருக்குச் செல்லாது குறுக்கு வழியே திரும்பி, முன்னிலும் அதிகமாகக் கொதிக்கும்.

நிரப்புதலும் காற்றை அகற்றுதலும்

வடிகுழாயை மூடி, உள்ளே வெப்பமூட்டி இருக்குமாயின் அதன் பிடியைச் சூட்டின் பக்கம் திருப்பி, கூலன்ற்றை மெதுவாக ஊற்றல் வேண்டும். விரைந்து ஊற்றினால் காற்று அடைபடும். வண்டியின் முன்பகுதியைச் சிறிது உயர்த்தி, மேல் ஹோஸை இடையிடையே நசுக்கினால் குமிழிகள் வெளியேறும். வடித்தபோது குறித்துவைத்த கணக்கு இப்போது உதவுகின்றது. ஒழுகிய வண்டியில் நீர் முன்னரே குறைந்திருக்குமாதலால், வடிந்த அளவினும் சற்றுக் கூடுதலாகவே உட்செல்லல் வேண்டும். வடிந்தது 7 லீற்றராயிருக்க, 5 லீற்றரிலேயே கழுத்துவரை நிரம்பிவிட்டதெனின், எஞ்சிய இடத்திற் காற்று நிற்கின்றது.

பற்றறிக் கம்பியைப் பூட்டி, றேடியேற்றர் மூடியின்றியே எஞ்சினை மெல்லிய வேகத்தில் ஓடவிட்டு, அகன்று நின்று பார்த்தல் வேண்டும். நீர் ஏறத்தாழ 80 பாகையை அடையும்போது தேர்மோஸ்ரற் திறக்க, மேல் ஹோஸ் திடீரெனச் சூடேறும், கழுத்தில் நீர்மட்டம் தாழும். தாழ்ந்த அளவுக்கு ஊற்றி, குமிழிகள் அடங்கியபின் மூடியை இட்டு, பக்கத்துத் தொட்டியையும் அதன் கோடுவரை நிரப்பல் வேண்டும். பம்பியின் முகத்தைச் சுற்றிலும் துளையிலும் ஈரமில்லையென உறுதி செய்தபின் சில கிலோமீற்றர் சரக்கின்றி ஓட்டிப் பார்க்கலாம். மறுநாட் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கையில் மட்டத்தை மீண்டும் பார்த்து, குறைந்திருப்பின் நிரப்பல் வேண்டும். இச்சோதனை முடியும்வரை தம்புள்ளைக்குச் சரக்கேற்ற இசைதல் கூடாது.

புதுப் பம்பி இல்லாதவிடத்து நடுவழியில் எஞ்சின் கொதிக்குமாயின், உடனே ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, தானாகக் குளிரவிடல் வேண்டும். கொதிக்கும் எஞ்சினிற் குளிர்நீரை ஊற்றினால் சிலிண்டர் தலை வெடிக்கக்கூடும். குளிர்ந்தபின் கிடைக்கும் நீரை நிரப்பி, மூடியைச் சரியாக இட்டு, வெப்பமானியில் கண் வைத்து, அடுத்த கறாஜ்வரை மாத்திரம் மெதுவாகச் செல்லலாம். அவ்வாறு ஊற்றிய நீர் பின்னர் வடிக்கப்படல் வேண்டும்.

பழைய கூலன்ற்

வடித்த கூலன்ற்றை முற்றத்தில் ஊற்றுதலும், கிணற்றடியிற் கழுவிவிடுதலும் எக்காரணத்தாலும் கூடா. அது இனிப்புச் சுவையுடைய நஞ்சு. நாயும் ஆடும் கோழியும் அதை அருந்தக்கூடும், சிறு பிள்ளைகளும் நிறத்தைக் கண்டு வாயில் வைப்பர். சிறிதளவே அருந்தினும் சிறுநீரகம் பழுதாகி உயிர் போதல் கூடும். குடாநாட்டில் மேல்மண் பல இடங்களிற் சில அடி ஆழமே. அதன் கீழுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே ஊற்றியது விரைவில் நிலத்தடி நீரை அடையும், அந்நீரே வீட்டுக் கிணற்றிலும் தோட்டக் கிணற்றிலும் ஊறுவது. ஆகையால் பழைய கூலன்ற்றை மூடியுள்ள கலனில் ஊற்றி, ‘நஞ்சு’ என எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாத இடத்தில் வைத்திருந்து, கழிவு எண்ணெய் சேர்க்கும் கறாஜ் ஒன்றில் வேறு கலனாக ஒப்படைத்தல் வேண்டும். நீர் வடித்த பாத்திரத்தைப் பின்னர் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவோ, தவிடு குழைக்கவோ பயன்படுத்தலாகாது. நிலத்திற் சிந்தியதன்மேல் மண்ணையோ மரத்தூளையோ தூவி, அள்ளி அப்புறப்படுத்தியபின்னரே ஆடுகளை அவிழ்த்துவிடல் வேண்டும்.